உறிஞ்சாமல் ஒரு மிடறு

"வாயை நல்லா தொறங்க. ஊசி போடப் போறேன். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

டொக்டர் கஜேந்திரன் சொன்னது எறும்பு. ஜீவராணிக்கு வந்தது குளவி.

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்குக் கீழே ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டர் தலவாக்கலையையும் லிந்துலையையும் ஒரே மூச்சில் கூவிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை, காலை எட்டே முக்கால்.

இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்ட காரியம் இது. இடது பக்கம், கீழ்வரிசை, கடைசிக்கு முந்திய கடைவாய்ப் பல். முதலில் இனிப்புக்கு வலித்தது, பிறகு குளிருக்கு, பிறகு சும்மாவே. கிராம்பு எண்ணெயை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். வலியைக்கூடப் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வேறொன்று.

ஜீவராணி லிந்துலைக்கு மேலே உள்ள தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் உதவி டீமேக்கர். அன்றன்றைய தூளைக் கோப்பையில் ஊற்றி ருசித்து, எங்கே என்ன பிசகியது என்று சொல்வது அவள் வேலையில் பாதி. சொத்தைப் பல்லின் அடியில் கசிந்த சீழ் நாக்கில் பட்டுப் பட்டு, எல்லாக் கோப்பையிலும் ஒரு புளிப்பைக் காட்டியது. பத்து நாளைக்கு முன் அருமையான தூள் ஒன்றை "கெட்டுப்போச்சு" என்று ஒதுக்கிவிட்டாள். டீமேக்கர் சுதாகரன் அதையே ருசித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தூளை எடுத்து மறுபடி நல்ல தூளோடு சேர்த்தார். அதுதான் அவளைச் சுட்டது.

சுதாகரன் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஜீவராணியா, அல்லது கொழும்பில் படித்துச் சான்றிதழோடு காத்திருக்கும் ஒருவரா என்று முடிவு செய்ய, கம்பெனியில் தேநீர் ருசி பார்க்கும் அதிகாரி பிரியந்தி திங்கட்கிழமை வருகிறார். ஆறு கோப்பை வைப்பார். ஒவ்வொன்றும் எப்படிப்பட்ட தூள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

வியாழன் பல், திங்கள் பரீட்சை. இடையில் நாலு நாள். மருந்து தின்று சீழை வற்றவைத்துவிட்டு, அப்படிக் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள்.

"உதடு தடிச்ச மாதிரி இருக்கா?" டொக்டர் கேட்டார்.

தலையாட்டினாள். இடது உதடும் பாதி நாக்கும் அவளுடையவை இல்லை என்பது போலிருந்தது.

"இப்ப அமுக்குறது தெரியும், வலி தெரியாது. ரெண்டும் வேற வேற நரம்பு வேலை. வலிச்சா கையைத் தூக்குங்க."

கஜேந்திரன் கொட்டகலைக்காரர், வயது முப்பதுக்குள். எதைச் செய்தாலும் சொல்லிக்கொண்டே செய்கிறவர். பல் எலும்பில் நேராக ஒட்டியிருப்பதில்லை, மெல்லிய நார்களால் கட்டியிருக்கிறது என்றார். அதனால் பல்லை இழுப்பதில்லையாம், ஆட்டுவதாம். "பழைய தேயிலைத் தூரைக் கெளப்புறப்ப என்ன செய்வீங்க? இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைச்சு மண்ணை இளக்குவீங்கல்ல. அதே மாதிரி குழி கொஞ்சம் கொஞ்சமா விரியும், நார் ஒண்ணொண்ணா விடும். அப்புறம் அதுவே வரும்."

அதுவே வந்தது. தாடைக்குள் மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது, வலி இல்லை. இரண்டு வேரும் முழுசாக இருந்த பல்லைத் தட்டில் வைத்து அவளுக்குக் காட்டினார். ஒரு வேரின் நுனியில் மிளகு அளவுக்குச் சீழ்ப்பை ஒட்டியிருந்தது.

"இவ்வளவு நாளா உங்களை ஏமாத்துனது இவருதான்."

மடித்த பஞ்சுத் துணியைக் குழியின் மேல் வைத்துக் கடிக்கச் சொன்னார். வாசலில் நின்றிருந்த அவள் கணவன் துஷாந்தை உள்ளே கூப்பிட்டார். துஷாந்த் ஓட்டோ ஓட்டுகிறவன், ரத்தம் என்றால் ஆகாது. கண்ணைச் சுவரில் இருந்த நாட்காட்டியில் வைத்துக்கொண்டே வந்தான்.

"இவங்க என்ன வேலை?"

"தேத்தண்ணி ருசி பாக்குறது டொக்டர்."

"எப்படிப் பாப்பாங்க?"

துஷாந்த் உதட்டைக் குவித்தான். இல்லாத கரண்டியை வாய்க்கருகே கொண்டுபோய், "ஸ்ர்ர்ர்ப்" என்று ஒரு இழுப்பு இழுத்து, குப்பைத் தொட்டிப் பக்கம் திரும்பித் துப்புவது போலச் செய்தான். வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

டொக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அந்த ரெண்டையும்தான் செய்யக்கூடாது. உறிஞ்சவும் கூடாது, துப்பவும் கூடாது. நாலு நாளைக்கு."

ஏன் என்றும் சொன்னார். பல் போன குழியில் ரத்தம் நிறைந்து உறையும். பார்க்க ஒரு கட்டி, ஆனால் அதுதான் கட்டுப்போட்ட துணி, அதுதான் புதுச் சதை வளர்வதற்கான பாத்தி. அது இருக்கும்வரை கீழே உள்ள எலும்புக்கும் நரம்புக்கும் காற்றுப் படாது. வாயால் எதையாவது உறிஞ்சும்போது வாய்க்குள் காற்று குறைந்து, கட்டி குழியிலிருந்து கிளம்பிவிடும். துப்பினாலும் அப்படித்தான். கிளம்பிவிட்டால் வெறும் எலும்பு. மூன்றாம் நாள் தொடங்கும் வலி காதுவரை போகும், பத்து நாள் விடாது.

"சூடாவும் வேணாம். சூடு பட்டா ரத்தம் இளகும். ஆறின தண்ணி, ஆறின கஞ்சி, வலது பக்கமா. கோப்பையைச் சாய்ச்சுக் குடிக்கணும், இழுத்துக் குடிக்கக்கூடாது. உப்புத்தண்ணி நாளைக்குக் காலையில இருந்துதான். அதுவும் வாயில வச்சுத் தலையைச் சாய்ச்சுட்டு, வாயைத் தொறந்து விட்டுறணும். கொப்பளிக்கக்கூடாது. குனிஞ்சு பாரம் தூக்க வேணாம். ராத்திரிக்கு இன்னொரு தலையணை."

துஷாந்த் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டான். எழுத்து வராத இடத்தில் டொக்டரின் குரலையே பதிந்தான்.

ஓட்டோ கொட்டகலையைத் தாண்டும்போது ஜீவராணியின் தொலைபேசி அடித்தது. பஞ்சைக் கடித்திருந்ததால் அவள் அதைக் கணவன் தோளுக்கு மேலே நீட்டினாள். அவன் ஓரம் கட்டினான்.

"சொல்லுங்க சுதாகரன் ஐயா. ம். புடுங்கியாச்சு. பேச முடியாது, வாயில பஞ்சு. எப்ப? இன்னைக்கா?"

அவன் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "சரிங்க" என்று வைத்தான்.

"நானுஓயாப் பக்கம் ஒரு ஃபெக்டரியில மிஷின் நின்னுபோச்சாம். பிரியந்தி மேடம் அங்க போற வேலையைத் தள்ளிட்டு இங்க வர்றாங்களாம். இன்னைக்கு மூணு மணிக்கு."

ஜீவராணி விரல்களை விரித்து எண்ணிப் பார்த்தாள். நாலு நாள் இல்லை. ஆறு மணித்தியாலம்.

*

தோட்டத்து வரிசை வீடான லயத்தில், அவர்கள் காம்பரா அறையின் வாசலில் மாமனார் பொன்னையா ஆவி பறக்கும் சட்டியோடு நின்றார்.

"வா தாயி. கொதிக்கக் கொதிக்க உப்புப் போட்டு வச்சிருக்கேன். நல்லா கொப்பளிச்சு ஓங்கித் துப்பு, விஷமெல்லாம் வெளிய வந்துடும்."

"அப்பா, அதைக் கீழ வைங்க" என்றான் துஷாந்த்.

"எனக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தய்யா பல்லு புடுங்குனப்ப இதைத்தான் செஞ்சேன்."

"அதுக்கப்புறம் பதினஞ்சு நாள் கண்ணு மூடாம கெடந்தீங்கன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"அது வலியில."

"வலி எதுனால வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

துஷாந்த் தொலைபேசியை எடுத்து டொக்டரின் குரலைப் போட்டுக் காட்டினான். பொன்னையா கழுத்தைச் சாய்த்து முழுசாகக் கேட்டார். ரத்தக்கட்டிதான் கட்டுத்துணி என்ற இடத்தை மறுபடி போடச் சொன்னார். பிறகு சட்டியைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு அந்தக் கட்டி பேந்து போயிருக்கு" என்றார். முப்பது வருஷத்துக்குப் பிறகு காரணம் கிடைத்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. "இதை அந்த மருந்தய்யா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? சரி, கால் கழுவிக்குறேன், தண்ணி வீணாப் போக வேணாம்."

ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது. பாதி முகம்தான் சிரித்தது.

முக்கால் மணிநேரம் கடந்ததும் பஞ்சை எடுத்தாள். அதில் இளஞ்சிவப்பாக ஒரு கறை மட்டும். வாயில் எச்சில் ஊறியது, உப்பும் இரும்பும் கலந்த ருசி. கை தானாக வாசல் பக்கம் போனது, துப்புவதற்கு. நின்றாள். விழுங்கினாள்.

மரத்துப்போனது தெளியும் முன்பே வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் டொக்டர். வலி வந்த பிறகு போட்டால் அது வேலை செய்யும்வரை அரை மணிநேரம் சும்மா துடிக்க வேண்டும். போட்டுக்கொண்டாள். பொன்னையா துண்டைப் பீலித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தார். பெப்ரவரி மாதத்தில் மலையிலிருந்து குழாய்வழி விழும் தண்ணீருக்கு ஐஸ் தேவையில்லை. கன்னத்தில் பத்து நிமிடம் வைப்பதும் பத்து நிமிடம் எடுப்பதுமாக அவரே நேரம் பார்த்தார்.

பன்னிரண்டரைக்கு உதட்டில் ஊசி ஊசியாகக் குத்தியது. நாக்கு திரும்பி வந்துகொண்டிருந்தது.

வாழைப்பழத்தை மசித்து வலது பக்கமாகத் தின்றாள். தின்றுகொண்டே யோசித்தாள். பரீட்சையைத் தள்ளிப்போடச் சொல்லலாம். ஆனால் பிரியந்தி நாளைக் காலை வேறு மலைக்குப் போய்விடுவார். அடுத்த முறை வரும்போது கொழும்புக்காரர் நாற்காலியில் இருப்பார். உறிஞ்சிப் பார்க்கலாம். ஆறு கோப்பை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை என்றால் பன்னிரண்டு இழுப்பு. கட்டி நிற்காது.

"என்னங்க, அந்தக் குரலை எனக்கு ஒருக்காப் போடுங்க" என்றாள். பல் எடுத்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தைகள், கொஞ்சம் கொழகொழவென்று.

உறிஞ்சக்கூடாது. துப்பக்கூடாது. சூடு கூடாது. கவனமாகக் கேட்டாள். ருசி பார்க்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை.

*

ஃபெக்டரி வாசலில் சுதாகரன் காத்திருந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பல்லைப் பத்தி வாயைத் தொறக்காத. சொன்னா சாக்குன்னு நெனப்பாங்க. எப்பவும் போல மெதுவா உறிஞ்சிட்டுச் சொல்லிடு. ஆறே கோப்பை."

"மெதுவா உறிஞ்சினா மணம் வராது ஐயா. பலமா உறிஞ்சினா குழி தாங்காது."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"உள்ளதைச் சொல்லப் போறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "நீ கேக்க மாட்டே. பல்லு போயும் திமிரு போகல." ஆனால் கதவை அவர்தான் திறந்துவிட்டார்.

ருசி பார்க்கும் அறையில் வடக்குப் பக்கம் நீளமான ஜன்னல். வடக்கு வெளிச்சத்தில் வெயில் நேராக விழாது, அதனால் காலையிலும் மாலையிலும் தேநீரின் நிறம் மாறித் தெரியாது. வெள்ளை ஓடு பதித்த மேசையில் ஆறு வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் காய்ந்த தூள், பின்னால் கவிழ்த்த மூடியில் வெந்த இலை. எல்லாவற்றுக்கும் ஒரே எடைத் தூள், ஒரே கொதி, ஒரே ஆறு நிமிடம். வித்தியாசம் வந்தால் அது தூளின் வித்தியாசமாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதற்காக.

பிரியந்தி நாற்பத்தைந்து வயதுக்காரர், கண்டிப் பக்கம். தமிழை மலையில் வேலை பார்த்தே கற்றவர்.

"தொடங்குவோமா ஜீவராணி?"

"மேடம், அதுக்கு முன்னால ஒண்ணு. இன்னைக்குக் காலையில எனக்குக் கடைவாய்ப் பல்லு எடுத்தாங்க. உறிஞ்சவும் முடியாது, துப்பவும் முடியாது. தேத்தண்ணி ஆறணும். அதனால எனக்கு வேற மாதிரி பாக்க அனுமதி தரணும், கொஞ்சம் நேரமும் தரணும்."

மூலையில் நின்ற தோட்டத்து மேனேஜர் தொரை சங்கடமாக இருமினார். பிரியந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"நான் ஒரு கோப்பைக்கு அஞ்சு செக்கன்தான் எடுப்பேன்."

"எனக்குத் தெரியும் மேடம்."

பிரியந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. பார்ப்போம்."

ஜீவராணி முதலில் காய்ந்த தூளைக் கையில் எடுத்து உருட்டினாள். பிறகு மூடியில் இருந்த வெந்த இலையை மூக்குக்கு நெருக்கமாகக் கொண்டுபோனாள். தேநீரை உறிஞ்சும்போது என்ன நடக்கிறது என்று யோசித்தால், அதில் நாக்கின் வேலை கொஞ்சம்தான். கசப்பு, புளிப்பு, துவர்ப்பு, அவ்வளவே. காற்றோடு சேர்ந்து பொடித்துளியாகச் சிதறிய தேநீரின் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மிச்சம் எல்லாவற்றையும் மூக்குத்தான் சொல்கிறது. அந்த மூக்குக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது, முன்வாசல்.

மூன்றாவது மூடியில் கருகிய பாண் ரொட்டி வாசம். நாலாவதில் மழைக்காலத்துச் சாக்கு வாசம், பழைய ஈரம். முதலாவது போன வாரம் அவளே செய்த தூள். இலையின் செம்புநிறத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. இரண்டாவதின் இலையில் பச்சை ஓடியிருந்தது, பச்சைக் காய் வாசம்.

ஐந்தும் ஆறும் பிடிகொடுக்கவில்லை. தூள் ஒரே மாதிரி, வெந்த இலை ஒரே மாதிரி, நிறம்கூட ஒரே தங்கச் சிவப்பு. இரண்டையும் மாறி மாறி மூன்று தடவை முகர்ந்தாள். இப்படிப்பட்ட ஜோடிக்குத்தான் உறிஞ்சல் வேண்டும்.

கரண்டியில் ஐந்தாவதை எடுத்தாள். உதட்டருகே கொண்டுபோனபோது உதடு தானாகக் குவிந்தது, மூச்சு உள்ளே இழுக்கத் தயாரானது. பதினோரு வருஷப் பழக்கம். கரண்டியின் விளிம்பு உதட்டில் பட்டு, சூடு தெரிந்ததும்தான் விழித்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். குழிக்குள் நாக்கை விட்டுப் பார்க்க ஆசை வந்தது, அதையும் செய்யவில்லை.

"ஆறட்டும் மேடம்."

ஆறியது. கீழே உலர்த்தும் அடுப்பின் இரைச்சல் மட்டும் தரை வழியாக வந்தது. சுதாகரன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். தொரை தொலைபேசியைப் பார்த்தார். பத்து நிமிடம்.

அப்போது அவள் அதைப் பார்த்தாள்.

ஐந்தாவது கோப்பை மங்கத் தொடங்கியது. தெளிவாக இருந்த தேநீரில் யாரோ ஒரு துளி பால் விட்டது போல, அடியிலிருந்து ஒரு கலங்கல் எழுந்து பரவியது. ஆறாவது அப்படியே கண்ணாடி போல இருந்தது.

தேநீரில் உள்ள சாரமும் உற்சாகம் தரும் கஃபீனும் சூட்டில் தனித்தனியாகக் கரைந்திருக்கும். ஆறும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நுண்ணிய துகளாகத் திரண்டுவிடும். சாரம் நிறைந்த தேநீர்தான் இப்படி மங்கும். இது ஃபெக்டரியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ருசி பார்க்கிறவர்கள் யாரும் கோப்பை ஆறும்வரை நிற்பதில்லை.

ஐந்தாவதை ஒரு கரண்டி எடுத்தாள். தலையை வலது பக்கம் சாய்த்து, கரண்டியைக் கவிழ்த்து நாக்கில் ஊற்றினாள். வாயை மூடினாள். இழுக்கவில்லை, சுழற்றவில்லை. ஒரு நொடி வைத்திருந்து விழுங்கினாள். ருசி பார்க்கும் மேசையில் விழுங்குவது அவளுக்கு அதுவே முதல் தடவை. பிறகு மூச்சை மூக்கு வழியாக மெல்ல வெளியே விட்டாள். உள்ளே இழுக்கும் காற்றில் வராத மணம், வெளியே விடும் மூச்சில் தொண்டையிலிருந்து ஏறி வந்தது. காய்ந்த காற்று வீசும் மாதத்துக் கொழுந்துக்கு மட்டும் உள்ள பூவாசம்.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. புளிப்பு இல்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, தேநீர் தேநீராக இருந்தது.

ஆறாவதையும் அப்படியே விழுங்கினாள். நல்ல தேநீர்தான். மூச்சை விட்டபோது எதுவும் ஏறி வரவில்லை.

"சொல்லட்டுமா மேடம்?"

"சொல்லுங்க."

"ஒண்ணு நம்ம தூள், போன வாரம். குறை இல்ல. ரெண்டாவது வாட்டம் பத்தாத, சரியா வாட விடாத கொழுந்து. மூணாவதுக்கு அடுப்புல சூடு கூடிப்போச்சு. நாலாவது செஞ்சப்ப நல்லாத்தான் இருந்திருக்கும், வச்ச எடத்துல ஈரம் ஏறியிருக்கு. அஞ்சாவது இந்த மாசத்துக் கொழுந்து. ஆறாவது மழை மாசத்தோடது, நவம்பரா இருக்கும். செஞ்சவங்க மேல தப்பு இல்ல. ஒண்ணுபோல செஞ்சிருக்காங்க. கொழுந்துலயே சத்து கொறைவு."

பிரியந்தி கையிலிருந்த தாளைப் பார்த்தார். எழுந்து வந்து ஐந்தாவது கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஆறாவதையும் பிடித்தார்.

"ரெண்டாவது பிழை" என்றார். "வாட்டம் சரி. நொதிக்க விட்ட நேரம் போதாது. அதான் பச்சை வாசம்."

ஜீவராணி இரண்டாவது இலையை மறுபடி முகர்ந்தாள். "ஆமா மேடம். வாட்டம் பத்தலன்னா இலை நொறுங்கியிருக்கும். இது முழுசா இருக்கு. நான் அதைப் பாக்கல."

"மத்த அஞ்சும் சரி." பிரியந்தி கோப்பையை வைத்தார். "இந்த அஞ்சையும் ஆறையும் காலையில எங்க ஆள் ஒருத்தர் மாத்திச் சொன்னார். அவருக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

சுதாகரன் சத்தமாக மூச்சு விட்டார்.

"நாளைக்குக் காலையிலேயே வேலை தொடங்கலாமா?" என்றார் பிரியந்தி.

அவள் வாழ்க்கையில் மேலிடத்துக்குச் சரி என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை. இன்று நாக்கு ஏற்கெனவே ஒரு தடவை நிபந்தனை சொல்லிப் பழகியிருந்தது.

"திங்கக்கிழமை மேடம். அது வரைக்கும் டொக்டர் சொன்னபடி இருந்தாத்தான் அப்புறம் எல்லா நாளும் ஒழுங்கா வேலை செய்யலாம்."

பிரியந்தி தாளில் ஏதோ எழுதினார். "திங்கள். நல்லது. ஆனா இங்க இல்ல ஜீவராணி. இங்க வேற ஆளைப் போடுறோம். றொசல்லப் பக்கம் எங்களுக்கு ஒரு ஃபெக்டரி இருக்கு. அங்க தூள் ரெண்டு வருஷமா சரியில்ல, காரணம் யாருக்கும் விளங்கல. கோப்பை ஆறும்வரைக்கும் நிக்கிற ஆள் அங்கதான் எனக்கு வேணும். குவாட்டர்ஸ் தருவோம். நாளைக்குப் பத்து மணிக்கு எனக்குப் போன்ல பதில் சொல்லுங்க."

*

துஷாந்த் ஓட்டோவைக் குழி பார்த்து, கல் பார்த்து, தண்ணீர்க் குடம் ஏற்றியவன் போல ஓட்டினான். வழியில் எதையும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, வேலை கிடைத்துவிட்டது என்று அவனாகவே முடிவு செய்துகொண்டு, விசிலடித்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் பொன்னையா கஞ்சியை ஆறவைத்து, இரண்டாவது தலையணைக்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அவருடையதே அது. முதலில் டோர்ச்சை எடுத்து, "காட்டு" என்றார்.

ஜீவராணி கண்ணாடி முன் வாயைத் திறந்தாள். குழியில், கருஞ்சிவப்பாக, அசையாமல், கட்டி இருந்த இடத்தில் இருந்தது.

"இருக்கு" என்றார் பொன்னையா. தானே பூட்டிய கதவைச் சோதித்தவர் போலத் திருப்தியாக டோர்ச்சை அணைத்தார். "வேலை?"

"கெடச்சிருச்சு மாமா."

பொன்னையா மகன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவள் மூன்று கரண்டி கஞ்சி குடித்தாள். வலித்தது, ஆனால் வலி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே மட்டும் இருந்தது. காதுக்கும் போகவில்லை, நாக்குக்கும் போகவில்லை. கஞ்சியில் அரிசியின் இனிப்புத் தெரிந்தது.

"வேலை இங்க இல்ல" என்றாள். "றொசல்லயில. ராத்திரி ரெண்டு மணிக்குக் கொழுந்து உருட்டுற ரோலர் ஓடத் தொடங்கும், அதனால டீமேக்கர் ஃபெக்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். வீடு தர்றாங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் பதில் சொல்லணும்."

மறுக்கப்போவது மாமனார் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். பிறந்ததிலிருந்து இந்த லயத்தை விட்டு ஒரு வாரம்கூட வெளியே தங்காதவர்.

"றொசல்லயா?" என்றார் பொன்னையா. "ஸ்டேஷனுக்குப் பக்கம். ரயிலைப் பாத்துக்கிட்டு இருக்கலாம். எப்ப சாமான் கட்டணும்?"

முகம் மாறியது விசிலடித்துக்கொண்டு வந்த துஷாந்துக்குத்தான். அவன் ஓட்டோவுக்கு வாடிக்கை எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள். கஞ்சிக் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி, ஆறிப்போன கஞ்சியை மறுபடியும் ஆற்றுகிறவன் போலக் கரண்டியால் கிளறினான்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள் ஜீவராணி.

"இப்பப் பேசாத. இன்னைக்கு ரொம்பப் பேசக்கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காரு."

டொக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.